பஞ்சு பறக்கும் தெருவில் ஒரு கணினி

பெருமாள் பத்மாவதித் தாயாரைக் கைப்பிடித்த ஊர் என்பார்கள் எங்கள் நாராயணவனத்தை. எனக்கும் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. அந்த வேலைக்கும், ராத்திரியில் தம்பி கேம் ஆடுவதற்கும் சேர்த்து ஒரே கணினியை நானே பூட்டினேன்.

பாகங்கள் வாங்கியது சென்னை ரிச்சி தெருவில். முதலில் பிராசசர்: ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட். கூலர் பெட்டியிலேயே வரும். திரைக்குப் படம் அனுப்பும் வசதியும் உள்ளேயே உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் சேரும்வரை அதை வைத்தே ஓட்டலாம். மதர்போர்டு அதற்கேற்ற ஏஎம்5 சாக்கெட்டாக இருக்க வேண்டும், ராம் டிடிஆர்5 மட்டுமே. பழைய டிடிஆர்4 ராமில் வெட்டு வேறிடத்தில் இருக்கும், நுழையவே நுழையாது. 32 ஜிபியை இரண்டு 16 ஆக வாங்கினேன். தரவு இரு வழியில் ஓடும்.

பவர் சப்ளையில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். பின்னால் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட்தான். இருந்தும் 550 வாட் எடுத்தேன். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பையும் வாரண்டியையும் தனியே பாருங்கள்.

கேபினெட்டுக்கு அழகைவிட வலைதான் முக்கியம். எங்கள் தெருவில் தறி ஓடுகிறது. முதல் மாதம் முன்பக்க வலையைக் கழற்றியபோது, மெல்லிய போர்வை போலப் பஞ்சு படிந்திருந்தது.