உங்களுக்குத் தெரியுமா? நான்கே நாளில் எழுந்த கோட்டை!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஃபிரான்டெனாக் ஊருக்கு அருகே நெடுஞ்சாலையோரம் ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. அது நினைவூட்டுவது போஹார்னுவா கோட்டையை.

● மிசிசிப்பி ஆறு அகன்று ஏரிபோல் பரவும் இடம் பெப்பின் ஏரி. 1727 செப்டம்பரில் அதன் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் இக்கோட்டையைக் கட்டினர். நியூ பிரான்ஸ் எனும் பிரெஞ்சுக் குடியேற்றத்தின் அன்றைய ஆளுநரின் பெயரையே அதற்குச் சூட்டினர்.

● கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கரையிறங்கிய மறுநாளே மரம் வெட்டத் தொடங்கி, நான்கு நாளில் வேலையை முடித்தனர். பக்கத்துக்கு 100 அடி, சுற்றிலும் 12 அடி மரக்கம்புகளாலான வேலி, இரண்டு கொத்தளங்கள். அவ்வளவுதான் கோட்டை!

● டகோட்டா பழங்குடியினரோடு உறவும் தோல் வாணிபமும் வளர்ப்பது, மேற்குக் கடலுக்கு வழி தேடுவது ஆகியவையே நோக்கம். கூடவே வந்த இயேசு சபைப் பாதிரியார்கள் அங்கே ஒரு மறைப்பணித் தளத்தையும் அமைத்தனர்.

● அந்த நவம்பரில் ஆளுநரின் பெயர்த் திருநாளுக்கு வாணவேடிக்கை விட்டார்கள். வானத்திலிருந்து நட்சத்திரங்கள் கொட்டுவதாக எண்ணி, டகோட்டா பெண்களும் குழந்தைகளும் அலறியடித்து ஓடினர்.

● 1728 ஏப்ரலில் ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்தது. மெஸ்குவாக்கி பழங்குடியினருடனான போர் அச்சுறுத்தலும் சேர, அதே ஆண்டு பெரும்பாலானோர் வெளியேறினர்.

● 1730களின் தொடக்கத்தில் மேட்டு நிலத்தில் மீண்டும் கட்டினர். 1737இல் அதையும் கைவிட்டனர்.