தண்ணீர் நிற்காத கால்வாய்

அயர்லாந்தின் மேற்கே, மேயோ மாவட்டத்தில் காங் என்றொரு ஆற்றங்கரைச் சிற்றூர். வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே காரிப் ஏரி. இரண்டையும் இணைக்க, பெரும்பஞ்ச காலமான 1848-இல் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். பசித்தவர்களுக்குக் கூலி கிடைத்தது. கால்வாயில் தண்ணீர்தான் நிற்கவில்லை! அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன் வெடிப்புகள் நீரையெல்லாம் குடித்துவிட்டன. 1854-இல் வேலையைக் கைவிட்டார்கள். மாஸ்க் ஏரித் தண்ணீரோ எந்தக் கால்வாயும் இல்லாமலே பூமிக்கடியில் ஓடிவந்து, காங்கில் ஊற்றாகப் பொங்குகிறது.

அவ்வூர்ப் பழைய மடத்துத் துறவிகள் கெட்டிக்காரர்கள். ஆற்றின் மேலேயே கல்வீடு கட்டி, தரையில் துளை விட்டு, உட்கார்ந்த இடத்திலேயே மீன் பிடித்தார்கள். அதன் சுவர்களை இன்றும் பார்க்கலாம். மீன் சிக்கியதும் சமையல்காரருக்குச் சொல்ல, அங்கிருந்து மடப்பள்ளி மணிவரை கயிறு கட்டியிருந்தார்களாம்!