கேள்வியைச் சொல்லிவிட்டு வைத்தால் போதும்

பருத்தி இலை சுருண்டால், குஜராத்திலும் சரி நம்மூரிலும் சரி, சிறு விவசாயி பெரும்பாலும் பூச்சிமருந்துக் கடைக்காரரிடம்தான் போய் நிற்கிறார். மருந்தை விற்பவரே யோசனையும் சொல்கிறார். இந்த நிலைக்கு மாற்றாக குஜராத்தில் 2008-09 வாக்கில் வந்தது ‘அவாஜ் ஒட்டலோ’ என்ற குரல்வழிச் சேவை. அகமதாபாத்தின் டெவலப்மென்ட் சப்போர்ட் சென்டர் என்ற தொண்டு நிறுவனம், ஐ.பி.எம். ஆய்வகம், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மாணவர் நீல் படேல் ஆகியோர் சேர்ந்து உருவாக்கியது அது.

ஸ்மார்ட்போன் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம். சாதாரண பட்டன் போனில் அழைத்தால் குஜராத்தியில் ஒரு குரல் வழிசொல்லும். கேள்வி கேட்க ஒரு பட்டன், மற்றவர்களின் கேள்விகளைக் கேட்க இன்னொன்று. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு ஒலிகள் ஒன்றாக மறுமுனைக்குப் போகும். 1-ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1,209 ஹெர்ட்ஸும். 2 என்றால் 697-உடன் 1,336. இந்த ஜோடியை வைத்தே எந்த எண் என்று கணினி கண்டுகொள்கிறது. வாயால் சொல்வதுதானே எளிது என்று தோன்றும். இரண்டையும் விவசாயிகளிடம் சோதித்துப் பார்த்தபோது பட்டன்தான் வென்றது.

கேள்வியைப் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போனை வைத்துவிடலாம். நிபுணர் பின்னர் பதிலைப் பதிவு செய்வார். அனுபவமுள்ள சக விவசாயியும் பதில் சொல்லலாம். 51 விவசாயிகளோடு ஏழு மாதம் நடந்த முதல் சோதனையில் அதிகம் பயன்பட்டது இந்தக் கேள்வி-பதில் பகுதிதான். பலர் எதையும் கேட்காமல், பிறர் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் வயலில் வந்த பூச்சி நாளை நம் வயலுக்கும் வரும் அல்லவா?

பிறகு செய்த ஒரு சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. ஒரே குறிப்பை விஞ்ஞானி குரலிலும் விவசாயி குரலிலும் தனித்தனியே அனுப்பி, மேலும் அறிய அழைக்க ஓர் எண்ணையும் கொடுத்தார்கள். நேரில் விசாரித்தபோது விவசாயிகள் விஞ்ஞானி சொல்வதையே விரும்புவதாகச் சொன்னார்கள். ஆனால் விவசாயி குரலைக் கேட்டவர்கள்தான் அதிகம் அழைத்தார்கள்.

பொருளியலாளர்கள் ஷான் கோல், நிலேஷ் பெர்னாண்டோ இருவரும் இச்சேவையை இரண்டாண்டு ஆராய்ந்தார்கள். பரிந்துரைத்த இடுபொருள்களை விவசாயிகள் நம்பி வாங்கியிருந்தார்கள். லாபம் கூடியதற்குத்தான் உறுதியான சான்று கிடைக்கவில்லை. நல்ல யோசனை கிடைத்தாலும் மழையும் சந்தை விலையும் விவசாயி கையில் இல்லையே.

நமக்கும் 2004 முதல் கிசான் கால் சென்டர் இருக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ஆனால் அங்கே ஒருவரின் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் மற்றவர்கள் போனில் கேட்க முடிவதில்லை. பெயரை நீக்கிவிட்டு அந்தப் பதில்களை மற்ற விவசாயிகளும் கேட்க வழிசெய்தால், ஒரே பூச்சிக்காக நூறு பேர் தனித்தனியே அழைக்க வேண்டியிராது.