எண்ணெய் பால் நிறமா? டிராக்டரை எடுக்காதீர்கள்!

பனி பெய்யும் நாடுகளில், காலையில் டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெய் தடித்துப்போய்ப் பம்புக்கு ஏறாது. நமது கெடா, செர்டாங் வட்டாரத்தில் விடிகாலையிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே பகை குளிரல்ல, தண்ணீர்தான்.

பகலெல்லாம் செம்பனைக் குலை இழுத்துச் சூடேறிய டிராக்டர் இரவில் ஆறும்போது, எண்ணெய் குறைந்த தொட்டிக்குள் ஈரக்காற்று புகுந்து நீராகப் படியும். மூடி சரியில்லாவிட்டால் மழைநீரும் இறங்கும். எண்ணெய், பால் கலந்த தேநீர்போல் வெளுக்கும், பம்பு துருப்பிடிக்கும். பல டிராக்டர்களில் கியர்ப் பெட்டிக்கும் அதே எண்ணெய்தான். ஆகவே கியரும் கெடும்.

அன்பர்களே, மாலையில் டிரெய்லரைத் தாழ்த்தி நிறுத்தி எண்ணெய் அளவைச் சரிசெய்யுங்கள். காலையில் அளவுக்கோலை உருவி நிறம் பாருங்கள். வெளுத்திருந்தால் ஓட்டாமல் வொர்க்ஷாப்பில் சொல்லுங்கள். நிறம் நன்றாயிருந்தால், எஞ்சினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பாரமில்லாமல் இரண்டு முறை தூக்கி இறக்குங்கள். பம்பு அலறினால், எண்ணெய் குறைவு அல்லது காற்று புகுந்திருக்கலாம்.

கசிவு இருக்கிறதா என்று குழாயைக் கையால் தடவவே கூடாது. ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே ஏறும். காயம் எறும்புக் கடிபோல் தெரியும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும். வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். கசிவு பார்க்க, அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்தால் போதும். தூக்கிய டிரெய்லருக்கடியில் முட்டுக் கொடுக்காமல் நுழையாதீர்கள்.

டிராக்டர் நின்றால் ஒருநாள் வேலை கெடும். கை போனால் குடும்பமே தவிக்கும்.