தாத்தாவுக்கு நிறம் தெரியாது... பேரனுக்கு ரத்தம் உறையுமா?

ரத்தம் கசிந்தால் லேசில் நிற்காது. அதுதான் ஹீமோபிலியா. பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஆண் பிள்ளைகள்தான். குறையுள்ள மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு சமாளித்துவிடும். ஆணுக்கோ ஒன்றே ஒன்று.

சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத நிறக்குருடுக்கான மரபணுவும் அதே எக்ஸில், பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியானால் ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கலாமா? இரண்டு குறைகளும் உள்ள குடும்பங்களின் வம்சாவளியை அலசி, 1937-ல் லண்டனில் விடை சொன்னார்கள் டாக்டர் ஜூலியா பெல்லும் ஜே.பி.எஸ்.ஹால்டேனும். (பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரில் மறைந்த அதே ஹால்டேன்தான்!)

கருமுட்டை உருவாகும்போது தாயின் இரண்டு எக்ஸும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். தூரத்தில் உள்ள மரபணுக்கள் அடிக்கடி பிரியும். நெருங்கியவை அபூர்வமாகத்தான் பிரியும். இந்த இரண்டும் பிரிவது நூற்றுக்கு சுமார் 5 முறை என்று கணித்தார்கள்.

ஒரு பெண்ணின் அப்பாவுக்கு இரண்டு குறையும் உண்டு, அம்மா வழியில் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்பா தந்த எக்ஸில் இரண்டும் சேர்ந்தே வரும். அவளுக்கு 100 மகன்கள் என்றால் (காந்தாரிக்குத்தான் சாத்தியம்!) சுமார் 95 பேருக்கு இரண்டுமே இருக்கும், அல்லது இரண்டுமே இருக்காது. மீதி 5 பேருக்குத்தான் ஏதாவது ஒன்று மட்டும். ஆக, நிறக்குருடுள்ள மகனுக்கு ஹீமோபிலியா இருக்க 95 சதவிகித வாய்ப்பு. நிறம் சரியாகத் தெரிபவனுக்கு 5 சதவிகிதம்தான்.

தாத்தாவுக்கு நிறக்குருடு மட்டும் இருந்து, ஹீமோபிலியா பாட்டி வழியாக வந்திருந்தால்? எல்லாம் தலைகீழ். நிறம் தெரியாத பேரன்தான் அநேகமாகத் தப்பித்தவன்! எது யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமல் வெறும் சதவிகிதத்தால் பயனில்லை.

நடைமுறையில் இது அவ்வளவாக உதவவில்லை. நிறம் தெரிகிறதா என்று சோதிக்கும் வயது வருவதற்குள், கடுமையான ஹீமோபிலியா தானே காட்டிக்கொடுத்துவிடும். போதாக்குறைக்கு, ஹீமோபிலியா பி என்ற தனி வகை இருப்பது 1952-ல் தெரியவந்தது. அதன் மரபணு அதே எக்ஸில் வெகுதூரம் தள்ளி இருப்பதால் இந்தக் கணக்கு அங்கே எடுபடாது.

ஆனால் வழி சரியானதுதான். ஹீமோபிலியா ஏ மரபணு 1984-ல் பிரித்தெடுக்கப்பட்ட பிறகு, நிறக்குருடு இருந்த இடத்துக்கு, மரபணுவை ஒட்டியே இருக்கும் டி.என்.ஏ அடையாளங்கள் வந்தன. குழந்தை பிறக்கும் முன்பே கணிக்க முடிந்தது. இன்று மரபணுவில் உள்ள பிழையையே நேரடியாகத் தேடுகிறார்கள். பிழை பிடிபடாத குடும்பங்களுக்கு இன்றும் அந்தப் பழைய கணக்குதான் கைகொடுக்கிறது. கர்ப்பிணியைப் பரிசோதிக்கும் டாக்டர், அவருடைய அப்பாவின் ரத்தத்தையும் கேட்பது அதற்காகத்தான்.