ஆள்களப் பெயர் கிரயமா, குத்தகையா? தென்சென்னைப் புறநகர்ச் சான்றுகளின் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வுக்குரிய மூலங்கள் பலவும் இன்று இணைய முகவரி கொண்டே மேற்கோள் காட்டப்பெறுகின்றன. அம்முகவரிகளின் அடித்தளமாகிய ஆள்களப் பெயர், அதைப் பெற்றவரின் நிலையான உடைமை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அது குறித்த காலத்திற்கு ஒப்பந்தத்தின் வழி கிடைக்கும் பயன்பாட்டு உரிமையே ஆகும். பதிவகம், பதிவாளர், பதிவு பெற்றவர் என்னும் மூவருக்கிடையிலான உறவை இக்கட்டுரை விளக்குகிறது. தரமணியைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டு வழக்கும், கூடுவாஞ்சேரியை அடுத்த ஜோஹோ நிறுவனத்திற்கு 2018இல் நேர்ந்த தடையும் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆள்களப் பெயர், பதிவகம், பதிவாளர், ஜோஹோ, சிஃபி, தமிழ் எழுத்து முகவரி, மேற்கோள் நிலைப்பாடு

முன்னுரை

தாம்பரத்தில் ஒருவர் மனை வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகிறது. சார்பதிவாளர் அரசு அலுவலர். அவர் பதிந்த ஆவணம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதில்லை. வாங்கியவரின் வழித்தோன்றல்களுக்கும் அது சான்றாக நிற்கிறது. ‘டொமைன்’ எனப் பேச்சில் வழங்கும் ஆள்களப் பெயரைப் பெற்றுத் தருபவரையும் நாம் பதிவாளர் என்றே அழைக்கிறோம். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. இணையப் பதிவாளர் பெரும்பாலும் ஒரு வணிக நிறுவனம். அவர் தருவது கிரயம் அன்று, குத்தகை. இவ்வேறுபாட்டை உணராமையால் நேரும் இழப்பு வணிகர்க்கு மட்டும் உரியதன்று; இணைய முகவரியைச் சான்றாகத் தரும் ஒவ்வோர் ஆய்வாளரையும் அது தொடுகிறது. அதனைத் தெளிவுபடுத்துதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரின் அமைப்பு

ஆள்களப் பெயர் வலமிருந்து இடமாகப் பொருள்கொள்ளத் தக்கது. கிழக்குத் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் முகவரியில் ‘எம்சிசி’, ‘இடியு’, ‘இன்’ என மூன்று கூறுகள் உள்ளன. வலக்கோடியிலுள்ள ‘இன்’ இந்தியாவிற்குரிய மேல்நிலைக் களம். ‘இடியு’ அதனுள் கல்வி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்ட பிரிவு. ‘எம்சிசி’ அக்கல்லூரி பெற்ற பெயர்.

தென்சென்னைப் புறநகர்களின் நிறுவனங்களை ஒப்பிட்டால் பின்னொட்டுகளின் வேறுபாடு புலப்படும். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலுள்ள வி.ஐ.டி. வளாகம் ‘ஏசி.இன்’ என்னும் பிரிவில் வருகிறது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் ‘ரெஸ்.இன்’ என்னும் ஆய்வுப் பிரிவின் பெயரால் அறியப்பட்டது. பெரும்பாக்கத்திலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இடைப்பிரிவு இன்றி நேரே ‘இன்’ என்பதன்கீழ்ப் பெயர் பெற்றுள்ளன. வண்டலூர் கிரசென்ட் நிறுவனமோ நாட்டுக் குறியீட்டைத் தவிர்த்து ‘எஜுகேஷன்’ என்னும் புதிய பொதுக்களத்தைத் தெரிந்துகொண்டது.

இப்பின்னொட்டுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டவை. ‘ஏசி.இன்’, ‘இடியு.இன்’, ‘ரெஸ்.இன்’ ஆகியவற்றை எர்நெட் இந்தியா என்னும் அமைப்பு மட்டுமே பதிந்து தருகிறது. கல்வி அல்லது ஆய்வு நிறுவனம் என்பதற்குரிய சான்று அதற்குத் தேவை. நேரே ‘இன்’ என்று முடியும் பெயரையும், ‘காம்’, ‘ஆர்க்’ போன்றவற்றில் முடியும் பெயர்களையும் எவரும் பெறலாம். முதலில் கேட்டவருக்கே பெயர் என்பது பொதுவிதி.

பெயர் எண்ணாகும் முறை

கணினிகள் ஒன்றையொன்று எண் முகவரியால் அறிகின்றன. இணையத்தின் முன்னோடி வலையமைப்பில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு அனைவருக்கும் வழங்கப்பட்டன. கணினிகள் பெருகியபோது அக்கோப்பைப் பேணுதல் இயலாததாயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த ஆள்களப் பெயர் முறைமை இப்பணியைப் பல மட்டங்களாகப் பகிர்ந்தளித்தது.

தாம்பரத்தில் ஒரு மாணவர் கல்லூரியின் முகவரியைத் தட்டச்சிடும்போது, அவருடைய இணைய சேவை நிறுவனத்தின் சேவையகம் முதலில் மூலச் சேவையகம் ஒன்றை வினவுகிறது. மூலச் சேவையகங்கள் 13 பெயர்களில் உலகெங்கும் இயங்குகின்றன. மூலச் சேவையகம் விடையை அறியாது. ‘இன்’ என்பதற்குப் பொறுப்பானவர் யார் என்பதை மட்டும் சுட்டும். ‘இன்’ களத்தின் சேவையகம் கல்லூரியின் பெயர்ச் சேவையகத்தைச் சுட்டும். அதுவே இறுதியில் எண்ணைத் தரும். கிடைத்த விடை குறித்த காலம்வரை தற்காலிக நினைவகத்தில் வைக்கப்படுவதால், அடுத்து வினவுவோர் இப்பயணத்தை மீண்டும் மேற்கொள்ள வேண்டியதில்லை.

இவ்வமைப்பில் ஒவ்வொரு படியும் தனக்கு மேலுள்ள படியின் சுட்டுதலால் மட்டுமே கண்டறியப்படுகிறது. மேற்படி சுட்டுவதை நிறுத்திவிட்டால், கீழுள்ள கணினிகள் பழுதின்றி இயங்கினாலும் அவற்றை எவராலும் அடைய இயலாது.

பதிவகம், பதிவாளர், பதிவு பெற்றவர்

ஒரு மேல்நிலைக் களத்தின் முழுப் பேரேட்டைப் பேணுவது பதிவகம். ‘காம்’ என்பதற்கு வெரிசைன், ‘ஆர்க்’ என்பதற்குப் பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி, ‘இன்’ என்பதற்கு நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் ஆகியவை பதிவகங்கள். ‘இன்’ களம் 1989இல் இந்தியாவிற்கு வழங்கப்பட்டு, மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் இருந்தது. 2005 சனவரியில் நிக்சியின்கீழ்ப் பதிவாளர்கள் வழியாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பதிவாளர் என்பவர் பொதுமக்களுக்கும் பதிவகத்திற்கும் இடைநிற்பவர். பொதுக்களங்களில் விற்பனை செய்ய அவருக்கு, 1998இல் நிறுவப்பட்ட ஐகான் அமைப்பின் ஏற்பு வேண்டும். மூன்றாமவர் பதிவு பெற்றவர். அவருக்கு ஐகானோடும் பெரும்பாலும் பதிவகத்தோடும் நேரடி உறவு இல்லை. அவருடைய ஒப்பந்தம் பதிவாளரோடு மட்டுமே.

இவ்வொப்பந்தத்தின் கூறுகள் இரண்டு கருதத்தக்கவை. ஒன்று காலம்: ‘காம்’ போன்ற பொதுக்களங்களில் ஒரு முறை பதிவதற்கு உச்ச அளவு 10 ஆண்டுகள். காலம் கடந்தபின் புதுப்பித்தற்கு 45 நாள்வரை சலுகை இருக்கலாம். நீக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதன்பின் 5 நாள் கழித்து அப்பெயரை உலகில் எவரும் பெறலாம். மற்றொன்று நடத்தை: பெயர் தவறான செயலுக்குப் பயன்படுவதாகப் புகார் வந்தால் அதனை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைப் பதிவாளர் ஒப்பந்தத்திலேயே வைத்துக்கொள்கிறார். அவர் நிறுத்தக் குறியீட்டை இட்டவுடன் பதிவகத்தின் சுட்டுதலிலிருந்து அப்பெயர் விலக்கப்படுகிறது.

பெயர்மீதான உரிமை: சிஃபி வழக்கு

குத்தகை என்பதால் பெயர்மீது சட்ட உரிமையே இல்லை என்று கொள்ளலாகாது. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரிலிருந்து புனைந்த ‘சிஃபி’ என்னும் சொல்லைக் கொண்டு 1999இல் ஆள்களப் பெயர்களைப் பதிந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் ‘சிஃபிநெட்’ என்றே ஒலிக்கும் பெயர்களை, ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை இரட்டித்துப் பதிந்து, இணைய விற்பனைத் தொழிலில் இறங்கியது. பெங்களூரு உரிமையியல் நீதிமன்றம் முன்னதற்குச் சார்பாகத் தடையாணை வழங்கியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. உச்ச நீதிமன்றம் 2004 மே 6 அன்று தடையாணையை மீண்டும் உறுதிசெய்தது.

ஆள்களப் பெயர்களுக்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை; எனினும், ஒரு வணிகத்தை அடையாளங்காட்டும் பெயராக அது செயற்படுவதால், வணிகக் குறிகளுக்குரிய பாதுகாப்பு அதற்கும் பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம். முதலில் பதிந்தவர் என்பது மட்டுமே இறுதி நியாயம் ஆகாது என்பதும் இதனால் நிலைபெற்றது.

ஆயின் இத்தீர்ப்பு காப்பது, பிறர் நம் பெயரைப் போலச் செய்வதிலிருந்துதான். நம் பெயரே ஒரு காலைப்பொழுதில் செயலற்றுப் போவதிலிருந்து அது காப்பதில்லை. அதற்குச் சான்றாவது அடுத்த நிகழ்வு.

பெயர் அற்றுப்போதல்: ஜோஹோ நிகழ்வு

தாம்பரத்திற்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையில், கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரி எஸ்டான்சியா வளாகத்தில் ஜோஹோ நிறுவனம் இயங்குகிறது. 1996இல் அட்வென்ட்நெட் எனத் தொடங்கி 2009இல் தன் பெயரை மாற்றிக்கொண்ட இந்நிறுவனம், மின்னஞ்சல், கணக்கு, வாடிக்கையாளர் மேலாண்மை முதலிய சேவைகளைப் பல நாடுகளுக்கும் வழங்குகிறது. 2018 செப்டம்பர் 24 அன்று அதன் முதன்மை ஆள்களப் பெயர் திடீரெனச் செயலிழந்தது. அப்போது 3 கோடிக்கு மேற்பட்ட பயனர்கள் அதனைச் சார்ந்திருந்தனர்.

சேவையகங்கள் பழுதாகவில்லை; ஊடுருவலும் நிகழவில்லை. அமெரிக்காவிலுள்ள டியராநெட் என்னும் பதிவாளர் அப்பெயரை நிறுத்திவைத்திருந்தார். ஜோஹோ மின்னஞ்சலைப் பயன்படுத்திச் சிலர் ஏமாற்று மடல்கள் அனுப்பியதாக வந்த புகார்களே காரணம். இரண்டு மாதங்களில் மூன்று புகார்கள் மட்டுமே வந்தன என்றும், அவற்றுள் இரண்டின்மீது உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும், மூன்றாவது ஆய்வில் இருந்தது என்றும் ஜோஹோ தரப்பில் விளக்கப்பட்டது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு டுவிட்டர் வழியாகப் பொதுவெளியில் உதவி கோர நேர்ந்தது. அன்றே தடை நீக்கப்பட்டபோதும், பழைய விடைகள் பல சேவையகங்களின் தற்காலிக நினைவகத்தில் எஞ்சியிருந்தமையால் எல்லாப் பயனர்க்கும் ஒருசேரச் சேவை மீளவில்லை. இந்நிகழ்வின்பின் ஜோஹோ தன் பெயரை வேறு பதிவாளரிடம் மாற்றிக்கொண்டது.

ஏமாற்று மடல்களைத் தடுக்கப் பதிவாளருக்கு அதிகாரம் தேவை என்பதில் ஐயமில்லை. குற்றம் புரிந்தவர் ஒருவர், அவருக்கு இடமளித்த சேவை வேறு என்ற பகுப்பு அங்குத் தவறியது. ஒரு குடியிருப்பாளர்மீது வந்த புகாருக்காகத் தெருவின் பெயர்ப்பலகையையே அகற்றியதற்கு இது ஒப்பாகும். பேரளவிலான நிறுவனத்திற்கே இந்நிலை எனின், சிறு நூலகமும் தனியார் ஆவணத்தளமும் எவ்வளவு வலுக்குறைந்தவை என்பது சொல்லாமலே விளங்கும்.

தமிழ் எழுத்திலான பெயர்கள்

தமிழ் எழுத்தில் முகவரி அமைந்தால் இச்சார்புநிலை மாறுமா என்பது இயல்பாக எழும் வினா. ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ என்னும் மேல்நிலைக் களங்கள் 2010–11 அளவில் ஏற்பு பெற்றன. ஆள்களப் பெயர் முறைமை ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றையே கையாளும் வழக்கினது. ஆதலின் தமிழ்ப் பெயர் உள்ளே ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கிலக் குறித்தொடராக மாற்றப்படுகிறது. இம்மாற்று முறை பியூனிகோட் எனப்படும், 2003இல் வரையறுக்கப்பட்டது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ‘ஔ’ என்னும் ஓரெழுத்தும் ‘ஒள’ என்னும் ஈரெழுத்தும் திரையில் பெரிதும் ஒத்திருக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு. தமிழ் எண்ணாகிய ‘௧’ உயிர்மெய்யாகிய ‘க’ போலத் தோன்றும். கண்ணுக்கு ஒன்றாகவும் பதிவேட்டில் இரண்டாகவும் இருக்கும் பெயர்கள் ஏமாற்றுக்கு வழிவகுக்கும் என்பதால், எந்த எழுத்துத் தொடர்களை ஏற்பது என்பதற்குப் பதிவகங்கள் விதிகள் வகுக்க வேண்டியுள்ளது. சிஃபி வழக்கில் ஓரெழுத்து இரட்டித்ததற்கு நிகரான சிக்கல் இங்கு எழுத்திலக்கணத்தினின்றே தோன்றுகிறது. எழுத்து மாறினும் பதிவகம், பதிவாளர், பதிவு பெற்றவர் என்னும் தொடர் மாறுவதில்லை.

ஆய்வுலகம் கொள்ளத்தக்கவை

2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ளது. எனினும் பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்து அதன் பழைய முகவரியில் தொடர்ந்து நிற்கிறது. அதனால் முந்தைய ஆய்வேடுகள் காட்டிய முகவரி கைவிடப்படவில்லை. மாறாக, இலவச இடமளித்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது அங்கிருந்த பக்கங்களின் முகவரிகள் யாவும் ஒருங்கே பொருளிழந்தன. காலாவதியான பெயரைப் பிறர் கைக்கொண்டால் நிலை இன்னும் மோசமாகும்: அடிக்குறிப்பு உயிரோடு இருக்கும், அது இட்டுச்செல்லும் இடம் சூதாட்ட விளம்பரமாக இருக்கும்.

ஆகவே நிறுவனங்கள், பெயரை வலைத்தளம் அமைத்துத் தந்தவரின் பெயரிலன்றித் தம் பெயரிலேயே பதிதல் வேண்டும். தொடர்பு மின்னஞ்சல் அதே ஆள்களத்தில் அமையலாகாது. பெயர் நின்றுபோனால் எச்சரிக்கையும் வந்து சேராது. தகுதியுடைய கல்வி நிறுவனங்கள் ‘ஏசி.இன்’ அல்லது ‘இடியு.இன்’ பிரிவைத் தெரிந்துகொள்ளலாம். பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்தலும், இடமாற்றப் பூட்டு இடுதலும் நன்று. ஆய்வாளர்கள் முகவரியோடு நூற்பெயர், பதிப்பு, பார்த்த நாள் ஆகியவற்றைத் தருவதுடன், இணைய ஆவணகம் போன்ற ஓரிடத்தில் அப்பக்கத்தின் படியைச் சேமித்து அதன் முகவரியையும் குறித்தல் வேண்டும்.

முடிவுரை

ஆள்களப் பெயர் மனையைப் போன்றதன்று. குத்தகை நிலத்தைப் போன்றது. அதன்மீது உரிமை உண்டு என்பதைச் சிஃபி வழக்கும், அவ்வுரிமை ஒப்பந்தத்தின் அளவினது என்பதை ஜோஹோ நிகழ்வும் காட்டின. ஓலைச்சுவடியின் காலத்தில் ஒரு நூல் அழியாமல் நின்றது, அது பல இடங்களில் படியெடுக்கப்பட்டதால்தான். இணைய மூலங்களுக்கும் அவ்வழியே பொருந்தும். முகவரி இருக்கிறது என்று அமையாமல், படி இருக்கிறதா என்று நோக்குவதே தமிழாய்வுக்குப் பாதுகாப்பாகும்.