கொதிக்க வைத்தால் உப்பு போய்விடுமா?

கள்ளிக்குப்பத்தில் போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாக ஏடு படிந்திருக்கும். பள்ளிவாசலில் ஒளூ செய்யும் குழாய்களின் வாயிலும் அதே வெள்ளைதான். "கொதிக்க வெச்சா உப்பெல்லாம் அடியில தங்கிடுதே ஹஜ்ரத், அப்புறம் அது நல்ல தண்ணிதானே?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பினால் ஆபத்து.

ஒரு பொருள் தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பதற்கு அளவு உண்டு. 100 கிராம் தண்ணீரில் 20 டிகிரி சூட்டில் சுமார் 200 கிராம் சர்க்கரை கரையும். கொதிக்கும்போது 480 கிராம் வரை கரையும். அதனால்தான் கெட்டியான பாகு ஆறும்போது சர்க்கரை பூத்துவிடுகிறது. சமையல் உப்போ சுமார் 36 கிராம்தான் கரையும். எவ்வளவு சூடாக்கினாலும் 39 கிராமைத் தாண்டாது. கிளறுவதும் பொடிப்பதும் சீக்கிரம் கரைய உதவும், கரையும் அளவைக் கூட்டாது. வாயுக்களின் கதை நேர் எதிர்: தண்ணீர் சூடாகச் சூடாக அவை வெளியேறிவிடும். ஜில்லென்ற சோடாவில் இருக்கும் விறுவிறுப்பு வெயிலில் வைத்த சோடாவில் இல்லாதது இதனால்தான்.

பாத்திரத்து வெள்ளைக்கும் காரணம் ஒரு வாயுதான். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாக நம் போருக்குக் கொண்டு வருகிறது. கொதிக்க வைத்தால் வாயு ஓடிவிடும். துணை போனதும் சுண்ணாம்பு கரைந்து நிற்க முடியாமல் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அந்தத் தாய் கண்ட உப்பு இதுதான்.

குளோரைடு, சல்பேட், நைட்ரேட் உப்புகளுக்கு இப்படி வாயுத் துணை தேவையில்லை; அவை கொதித்த பிறகும் தண்ணீரிலேயே இருக்கும். இவற்றில் நைட்ரேட்தான் கைக்குழந்தைக்குக் கவலை. நைட்ரேட் உப்புகள் அநேகமாக எல்லாமே தண்ணீரில் நன்றாகக் கரைபவை. செப்டிக் டேங்க் கசிவிலிருந்தும் சாணம், உரத்திலிருந்தும் நிலத்தடி நீரில் சேர்பவை. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியக் குடிநீர்த் தரம். இதில் தளர்வு கிடையாது. சரியாக 45 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டரை முக்கால் லிட்டராகச் சுண்டும்வரை கொதிக்க விட்டால் அது லிட்டருக்கு 60 ஆகிவிடும். நல்லதென்று நினைத்து நெடுநேரம் காய்ச்சுபவர் தன்னை அறியாமல் செறிவைக் கூட்டுகிறார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதிக நைட்ரேட் இரத்தம் ஆக்ஸிஜன் சுமப்பதைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நிறம், சுவை, வாடை மூன்றையும் பார்க்கும்படி மத்ரஸாவில் படித்தோம். அது ஒளூவுக்கான அளவுகோல். நைட்ரேட்டுக்கு இந்த மூன்றும் இல்லை. கடையில் விற்கும் டிடிஎஸ் பேனாவும் காட்டிக் கொடுக்காது. அது மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து மொத்த உப்பை மதிப்பிடுகிறதே தவிர, இன்ன உப்பு என்று சொல்லாது. சோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்து நைட்ரேட் அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கேண்டில் ஃபில்டரும் கரி ஃபில்டரும் கரைந்த உப்பைப் பிடிக்காது. ஆர்.ஓ. சவ்வு பெருமளவு பிடிக்கும். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலை கடல்நீரைக் குடிநீராக்கியதும் இதே முறையில்தான். சோதனை முடிவு வரும்வரை குழந்தைக்கு மட்டுமாவது போர் தண்ணீர் வேண்டாம். மெட்ரோ வாட்டரோ நம்பகமான கேன் தண்ணீரோ போதும். அதையும் கொதிக்க வையுங்கள், ஏனென்றால் கிருமிக்கு மருந்து சூடுதான். தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனதும் இறக்கிவிடலாம்.

பாத்திரத்து வெள்ளையைச் சுரண்ட வேண்டாம். கொஞ்சம் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வையுங்கள். அமிலம் பட்டதும் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து வந்துவிடும்.